ரவ்னூத்தின் வெள்ளைப் பால்

ரவ்னூத் மலையில் பூக்கும் கசகசாச் செடி தனி வகை என்று பதினொரு கோடைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் பூ, ரோமம் அடர்ந்த காம்பு, தரையோடு ஒட்டிய இலைக்கொத்து எல்லாம் எதிர்மலை ஸ்டூர்ஹெட்டாவில் இருப்பதைப் போலத்தான். ஆனால் காம்பை ஒடித்தால் அங்கே மஞ்சள் பால் வடியும், இங்கே வெள்ளைப் பால். காய்ந்த செடியில் இது தெரியாது. காகிதத்தில் ஒட்டிய செடிகளை மட்டுமே பார்த்துவிட்டு, தலைநகரத்துப் பேராசிரியர் லுண்டேபி என் கட்டுரையை மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை ஒரே வரிதான் எழுதினேன்: நேரில் வந்து ஒடித்துப் பாருங்கள்.

மனுஷர் வந்தேவிட்டார். ஜூலை மாதக் காலையில் பேருந்தை விட்டு இறங்கி, "சாயங்கால வண்டிக்கு நான் திரும்பணும்" என்றார். டெலிபோன் நிலையத்தில் என் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன். காப்பியும் ரொட்டியும் இருந்த பையை என் கணவன் தோர்லைவ் தூக்கிக்கொண்டான்.

வழியெல்லாம் அவன் முனகிக்கொண்டே வந்தான். "கீழ்ச்சரிவுல எதுக்கு நிக்கணும்? நேரா மேல கூட்டிட்டுப் போயிடேன்."

"நோவுற முழங்காலை வெச்சுக்கிட்டு உனக்கு மேல ஏற ஆசை வேறயா? பேசாம வா," என்றேன்.

கீழ்ச்சரிவில் கற்களுக்கு நடுவே எங்கும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பேராசிரியர் குனிந்து ஒரு காம்பை ஒடித்தார். வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவதில் மஞ்சள் வடிந்தது. நான்காவதிலும் மஞ்சள்.

"பாருங்கம்மா, ஒரே சரிவுல ரெண்டு பாலும் வருது. இதை எப்படித் தனி வகைன்னு சொல்றது?" என்று நோட்டை மூடினார்.

பதினொரு கோடை! இந்தச் சரிவில் ஆரம்பத்தில் நூற்றுக்கணக்கில் ஒடித்துப் பார்த்திருக்கிறேன், ஒரு துளி மஞ்சள் கண்டதில்லை. பிறகு, செடிகள் குறைந்துவிடுமே என்று ஒடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

"நான்தான்," என்றான் தோர்லைவ்.

"என்ன நீதான்?"

"நாலு வருஷம் முன்னாடி ஆடு வந்து எல்லாத்தையும் மேஞ்சிட்டுப் போச்சே. நீ மூணு நாள் சரியாச் சாப்பிடல. நம்ம தோட்டத்துல காய் நிறைய இருந்துச்சு. கொண்டுவந்து விதையைத் தூவிட்டேன்."

"எந்தப் பாத்தி?"

"வேலியோரத்துப் பாத்தி."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ரவ்னூத் செடிக்கு ஒரு பாத்தி, ஸ்டூர்ஹெட்டாச் செடிக்கு ஒரு பாத்தி என்று வளர்த்தேன்; வேலியோரத்தில் இருந்தவை ஸ்டூர்ஹெட்டா. கோபம் வந்தால் என் மூக்கு சிவந்துவிடும் என்பார்கள். சிவந்திருக்கும். "மடையா! ரெண்டு பாத்தி இருக்கே, ஒரு வார்த்தை கேக்க வாயில்லையா?"

"கேட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்று தரையைப் பார்த்தான்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "வீட்டுக்காரர் சொன்னார்னு நான் எழுதிக்க முடியாதும்மா."

"எழுத வேணாம். இவன் முழங்காலை வெச்சுக்கிட்டு ஏறவே முடியாத இடம் மேல இருக்கு. வாங்க. வண்டி போனா நாளைக்கும் ஒரு வண்டி வரும்."

இரண்டு மணி நேரம் ஏறினோம். பாறை விளிம்பில் பூத்திருந்தவற்றை அவரே தேர்ந்தெடுத்து ஒடித்தார். முப்பது காம்பு. முப்பதிலும் வெள்ளை. கடைசிக் காம்பை நோட்டுக்குள் வைத்து மூடினார்.

"என்னோட மூணு கடிதத்தையும் கிழிச்சுப் போட்டுடுங்க," என்றார்.

"ஏன் கிழிக்கணும்? கண்ணாடி போட்டு மாட்டப்போறேன்."

வாய்விட்டுச் சிரித்தார். கட்டுரை என் பெயரிலேயே அச்சாகும் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கீழே பார்த்தார். "ஆனா அந்தச் சரிவு இப்படியே இருந்தா வண்டு மகரந்தத்தை மேல கொண்டுவந்துடும். அப்புறம் உங்க வகை இருக்காது."

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஏறும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

இறங்கி வந்தபோது தோர்லைவ் மண்டியிட்டுச் செடிகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் வடிந்ததை வேரோடு பிடுங்கினான். வெள்ளை வடிந்ததை விட்டுவைத்தான்.

"வெள்ளையையும் பிடுங்கு," என்றேன்.

"இது உன்னோடதுதானே?"

"கலந்திருக்கும். இனிமே எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ அந்தப் பாதை வளைவுல திரும்பினதும் பூவா தெரியணும்னுதான் தூவினேன், ஓஸ்னே."

என் மூன்று தோல்விக்கும் அழாதவள் அங்கே அழுதேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இந்த ஆள் எனக்கு ஒரு பூ வாங்கித் தந்ததில்லை. தந்தபோது ஒரு மலைச்சரிவையே தந்திருக்கிறான், செடிகள் தானாக மீண்டன என்று நான் நாலு கோடையாக மழைக்கும் மண்ணுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். பேராசிரியரும் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். வெளிச்சம் சாய்வதற்குள் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டோம்.