இருபதாவது படி

லாரி எடை மேடையில் ஏறினால் கணினித் திரையில் எடை வரும், சீட்டு அச்சாகும். உப்புக் கிட்டங்கியில் அதைப் பார்ப்பது ஜெப்ஸி ஒருத்திதான். பதினொரு வருடமாகத் தினம் பன்னிரண்டு மணி நேரம். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிவிட்டது. அதற்கு ஒன்றரை மாதம் லீவு வேண்டும். மேனேஜர் நேசக்குமார் முதலில் மழை கழியட்டும் என்றார், பிறகு ஈஸ்டர் கழியட்டும் என்றார். ரத்தப்போக்கு அவர் சொன்ன தேதிக்கெல்லாம் காத்திருக்கவில்லை.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். "வாட்ச்மேன் ஏசுவடியான் உன் சீட்ல உக்காரட்டும். நீ வாயத் தெறக்கக் கூடாது. ஒரு வண்டிய அவரு சரியா எட போட்டுட்டா, நீ போலாம்."

எடை போடும் அந்த மென்பொருள் இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். முதலாளிக்கு முதல் பாதி மட்டும் பிடித்திருந்தது. வழிகாட்டி ஆங்கிலத்தில் இருந்தது. அதில் இருந்த படங்கள் நாலு வருடப் பழசு, காட்டிய பொத்தான்கள் பாதி இப்போது இல்லை. ஏசுவடியான் வாசிக்கிற மாதிரி ஜெப்ஸி தமிழில் புதிதாக எழுதினாள். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில், போனில், ஒரு மாதம். எழுதியதை மென்பொருளின் இணையப் பக்கத்தில் ஏற்றுவாள். சென்னையிலிருந்து விஜிலா என்ற பெண் படித்துப் பார்த்து வழிகாட்டியில் சேர்ப்பாள். அவளும் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் இதைப் பார்ப்பவள். இந்த வரி யாருக்குப் புரியும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஜெப்ஸிக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் திருத்துவாள். மொத்தம் பத்தொன்பது படிகள்.

சோதனை நாளில் ஏசுவடியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அச்சிட்ட தாளில் விரல் வைத்து வாசித்தார். கணினியைப் போட்டார். நாலாவது படியில் பூச்சியப் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தது. அழுத்தினார். பூச்சியம் வந்தது. காலி லாரி ஏறியது. 9,240 என்று காட்டியது.

டிரைவர் வழியில் வேறொரு எடை மேடையில் போட்டு வந்த சீட்டை நீட்டினான். அதில் 9,420. "என்ன அண்ணாச்சி, வார வழியில என் வண்டி நூத்தியெம்பது கிலோ எளச்சிட்டோ?"

ஜெப்ஸி சன்னல் வழியே பார்த்தாள். மூடை தூக்கும் செல்லக்கனியும் இன்னும் இரண்டு பெண்களும் தூக்குவாளியோடு ஓரமாக நின்றார்கள். அந்தக் கிட்டங்கி முற்றத்தில் நிழல் என்றால் எடை மேடைக்கு மேலே போட்ட தகரக் கூரைதான். லாரி வரும்வரை மேடைமேல்தான் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேரையும் சேர்த்துத்தான் ஏசுவடியான் பூச்சியமாக்கியிருக்கிறார். லாரி வந்ததும் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அவர்கள் எடை லாரியில் குறைந்துவிட்டது.

பொத்தானை அழுத்துமுன் சன்னலைத் திறந்து அவர்களை இறங்கச் சொல்லி அவள் தினமும் கத்துவாள். அதை ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை. தாளிலும் எழுதவில்லை.

சோதனையைப் பார்க்க வந்திருந்த நேசக்குமார் திரும்பி நடந்தார். பின்னாலேயே போய், திங்கட்கிழமை இன்னொரு தடவை என்று கேட்டு வாங்கினாள்.

அன்றே நாலாவது படிக்கு முன்னால் இன்னொரு படி சேர்த்தாள், மொத்தம் இருபது. சன்னலைத் திறக்கவும். மேடையில் ஆள் இருந்தால் இறங்கச் சொல்லிச் சத்தம் போடவும். இறங்கினார்களா என்று பார்க்கவும்.

இது மென்பொருள் சம்பந்தப்பட்டது இல்லையே என்று விஜிலா எழுதினாள். ஜெப்ஸிக்கு விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. "எட தப்பா வந்தா மென்பொருளத்தான் குத்தம் சொல்லுதாவ. நான் ஆசுபத்திரிக்குப் போகணும்" என்று மட்டும் அனுப்பினாள். மறுநாள் அந்த வரிகள் சேர்ந்திருந்தன.

திங்கட்கிழமை ஏசுவடியான் சன்னலைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். "ஏளா, எல்லாரும் எறங்குங்க."

"கேட்ல நிக்கும்போது இந்தச் சத்தம் எங்க போச்சு?" என்றாள் செல்லக்கனி. அசையவில்லை.

ஜெப்ஸி பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் இருந்தாள். ஏசுவடியான் தாளைப் பார்த்தார். இறங்கினார்களா என்று பார்க்கவும். பார்த்தார். மறுபடி கத்தினார். செல்லக்கனி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், மற்றவர்களும் இறங்கினார்கள். பூச்சியம். லாரி ஏறியது. வெளியே போட்ட சீட்டும் திரையும் ஒத்துப்போயின.

"ஒரு மாசத்துல வந்திருவேல்லா?" என்றார் நேசக்குமார்.

"ஒன்றரை மாசம் சார்."

பையை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். லாரி போய்விட்டது. செல்லக்கனியும் மற்றவர்களும் மறுபடி மேடையில் ஏறி உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்திருந்தார்கள். பழக்கத்தில் ஜெப்ஸி கத்த வாயைத் திறந்தாள். பின்னால் சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.