சாமி லாரிக்கு இரட்டை ஸ்டெபிலைசர்

2006 மாசி மகத்துக்குத் தவளக்குப்பத்து அம்மனைக் கடற்கரைக்கு ஏற்றிச் செல்லும் பாக்கியம் கமலக்கண்ணனின் லாரிக்குக் கிடைத்தது. அதுவோ பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் உதறும் வண்டி. அம்மன் ஆடலாமா? உதறலை அடக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று போதுமா, இரண்டாகப் போடலாமா என்று யோசித்தவன், உதிரிபாகக் கடையில் மீதமிருந்த இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

அந்நேரம் மூலக்குளத்து முருகனை ஏற்றப்போகும் செம்மல் அங்கே வந்தான். "என்னாண்ணே, ரெண்டத்தையும் வாரிட்டீங்க? எங்க சாமி டான்ஸ் ஆடிக்கிட்டே வரட்டுமா?"

கமலக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புள்ள ஆடுனா எங்க அம்மா என்னைச் சும்மா வுடுவாளா? இந்தா, ஒண்ணப் புடி."

மகத்தன்று ஆளுக்கொரு ஸ்டெபிலைசரோடு இரண்டு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடை வேகத்தில் போயின. தாயும் பிள்ளையும் ஆடவில்லை. வழியில் எல்லோரும் நிதானமாகக் கற்பூரம் காட்டினார்கள்.