பதினேழு நாள் பொறுத்திருந்தால்

சோங்சிங் நகரத்து மூடுபனிக்குள் பெய்யூவின் புது மின்சாரக் கார் சத்தமில்லாமல் மிதந்து போனது. பாலத்துக்குக் கீழே ஆறு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் அப்பா வெய்குவோ குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர்.

“வண்டி ஓடுதா, இல்ல நாம கனவுல போறோமா?” என்றார்.

பெய்யூ அவரிடம் இரண்டு பொய் சொல்லியிருந்தாள். விலையில் முப்பதாயிரம் யுவானைக் குறைத்துச் சொன்னது ஒன்று. அந்த ஊரில் எந்தப் பிள்ளைதான் பெற்றவர்களிடம் முழு விலையைச் சொல்கிறது! இன்னொன்றுதான் பெரிது. அப்பாவின் வயிற்றில் இருப்பது வெறும் புண் என்று டாக்டரும் அவளும் சொல்லிவைத்திருந்தார்கள். உண்மை அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாங்கிய பதினேழாம் நாள் கம்பெனிக்காரன் விலையை நாற்பதாயிரம் குறைத்தான். அதோடு விட்டானா, பாழாய்ப்போனவன்! இனிமேல் வரும் வண்டியில் முதுகு பிடித்துவிடும் இருக்கையாம், கூரை முழுக்க நட்சத்திர விளக்காம். பெய்யூவுக்கு வயிறு எரிந்தது. கண்ணை மூடினால் அந்த நட்சத்திரங்களுக்குக் கீழே அப்பா வலியில்லாமல் சாய்ந்து தூங்கினார். கண்ணைத் திறந்தால் தன் வண்டியின் சாம்பல் நிறத் துணிக் கூரைதான் தெரிந்தது.

“நம்ம தலையில நல்லா மிளகா அரைச்சுட்டானுங்கக்கா, சும்மா விடக் கூடாது!” என்று கூட வாங்கியவர்கள் கொதித்தார்கள். எல்லோரும் ஷோரூம் வாசலில் போய்க் கத்தினார்கள். பெய்யூ தான் கொடுத்த விலையைச் சிவப்புத் துணியில் கொட்டை எழுத்தில் எழுதி, முன்வரிசையில் தூக்கிப் பிடித்தாள். யாரோ படம் எடுத்தார்கள். அப்பா நாள் முழுக்கச் செல்போனில் வீடியோ பார்ப்பவர் என்பதை அந்த ஆத்திரத்தில் மறந்தே போனாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் செல்போனை நீட்டினார்.

“முப்பதாயிரத்த முழுங்கிட்டியேடி, கள்ளி!”

“உங்க மனசு கஷ்டப்படும்னுதான்ப்பா.”

“அது கெடக்கட்டும். செருப்பு வாங்கவே தள்ளுபடிக்காக நாலு மாசம் காத்துக் கெடக்குறவ நீ. வெல எறங்கப்போகுதுன்னு ஊரே பேசிச்சு. ஒனக்கு மட்டும் அப்படி என்ன அவசரம்?”

பனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. பெய்யூ வண்டியை ஓரம் கட்டினாள்.

“எத்தன மாசம்னு சொன்னாங்க?” அவர் குரல் மெதுவாக வந்தது. “வெலையக் கொறச்ச மாதிரி இதக் கூட்டிச் சொல்லாத.”

“மூணுப்பா.”

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் வெள்ளையாய்க் கிடந்த வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் அவர் முகத்தில் வந்தது. வந்து அங்கேயே நின்றது. பிறகு அவள் முதுகில் கையை வைத்தார்.

“அட பைத்தியமே, எனக்கிருக்குற கொஞ்ச நாள்ல இந்த வண்டி பதினேழு நாள் முன்னாடியே கெடச்சிருக்கு. இதுக்கா தெருவுல நின்னு கத்துன? நீ சல்லிசாத்தான் வாங்கியிருக்க. வண்டிய எடு.”