அடுப்பை அணைத்த கை

ஸ்டேஷனில் எனக்கு வைத்திருந்த பெயர் ஜோசியக்காரி. கொலை நடந்த விதத்தை வைத்துக் கொலைகாரன் எப்படிப்பட்டவன் என்று சொல்வது என் வேலை. இன்ஸ்பெக்டருக்கு அதெல்லாம் வெறும் கதை.

தனியாக வாழ்ந்த மூன்று பெண்களை அவரவர் சமையலறையிலேயே அடித்துக் கொன்றிருந்தான் ஒருவன். நகையும் போயிருந்தது. கள்ளச்சாவி போட்டுப் பூட்டைத் திறக்கும் பழைய திருடன் ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் கோர்ட்டில் நிறுத்தப்போவதாக இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவன் மனைவி வாசல் பெஞ்சே கதியென்று கிடந்தாள். தன் கணவர் திருட்டை விட்டு எவ்வளவோ காலமாயிற்று என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். யாரும் காதில் வாங்காததைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போட்டோக்களை மேசையில் பரப்பினேன். கொலைக்கும் திருட்டுக்கும் தேவையே இல்லாத காரியம் ஏதாவது செய்திருக்கிறானா என்றுதான் முதலில் பார்ப்பேன். மூன்று அடுப்பிலும் பாதி வெந்த சாப்பாடு. அடுப்பின் திருகு எரிகிற நிலையிலேயே இருந்தது. சிலிண்டர் ரெகுலேட்டர் மட்டும் மூடியிருந்தது. முதலில் போன போலீஸ்காரர்கள் மூடியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருவரையும் விடாமல் கேட்டேன். யாருமே தொடவில்லை.

"நீங்களும் நானும் அடுப்பத் திருகித்தான் அணைப்போம். யோசிக்காம ரெகுலேட்டருக்குப் போறது அடுப்பு ரிப்பேர்காரன் கை. அதான் அந்தப் பொண்ணுங்களே கதவத் தொறந்து விட்டிருக்காங்க" என்றேன்.

ரெகுலேட்டர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லுமா என்று இன்ஸ்பெக்டர் நக்கலடித்தார். வந்த ஆத்திரத்தில் நானே அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். மூன்று வீட்டுக்கும் அடுப்பு பார்த்தது ஒரே ஆள். தங்கமான பையன் என்றார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் இன்ஸ்பெக்டர் அவன் வீட்டைச் சோதனை போட்டார். கருவிப் பெட்டியின் அடியில் மூன்று பேரின் வளையல்களும் கிடந்தன. கனத்த ஸ்பேனரில் ரத்தக்கறை. கேட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் லாக்கப்பைத் திறந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். கணவன் வெளியே வந்தான். மனைவிதான் நகரவில்லை.

"நடுத்தெருவுல வச்சு, கொலைகாரன்னு சொல்லி இழுத்துட்டு வந்தீங்க. அதே தெருவுக்கு வந்து, இல்லன்னு சொல்லுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜீப் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

ஜீப்பில் எல்லோருமாகப் போனோம். அவர்களுடைய தெருவில் இறங்கி இன்ஸ்பெக்டர் ஜீப் மைக்கைக் கையில் எடுத்தார்.

"இவரு கொல பண்ணல. நாங்கதான் தப்பா புடிச்சிட்டோம்."

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசி வீட்டுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றாள் அவள். சொன்னார்.