பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு பொட்டலம்

தலையணைக்கு அடியில் அந்தக் காகிதப் பொட்டலத்தைக் கண்டதும் விஜிதரனுக்கு இரத்தம் தலைக்கேறியது. அதே நாலு மடிப்பு. ஒரு காலத்தில் அவன் கையும் போதைத் தூளை அப்படித்தான் மடித்தது. அவன் அதை விட்டு நாலு வருடம். விட்டுவிடத் துணிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் பக்கத்தில் இருப்பதுதான் இப்போது அவன் வேலை.

கட்டிலுக்குரிய ஜீவராஜ் குளியலறையிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்தான். இரண்டு மணிக்கு அவனுக்கு முதல் மருந்து. அதற்குள் தூள் உள்ளே போனால் எல்லாம் பாழ்.

“வெக்கமா இல்லியா ஒங்களுக்கு?” வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு, விஜிதரன் பொட்டலத்தைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தான்.

“அடப்பாவி! அது மாரியம்மன் கோயில் துண்ணூறுடா! எம்பொஞ்சாதி காலையில கொத்மலையிலேருந்து பஸ்ஸேறி கொண்டாந்தது!”

விஜிதரன் விரலை முகர்ந்து பார்த்தான். திருநீறுதான்.

“கேட்டுல வாச்சர் நம்பல, சரி. நர்ஸம்மா நம்பல, சரி. நீயும் அந்தக் குழியில கெடந்தவன்தானே? நாலு வருஷத்துல பொலிஸாயிட்டியா? டொக்டர் பவுடர் பூசிட்டு வந்தா அவரு மூஞ்சியையும் கழுவுவியா? நான் போறேன்.”

ஜீவராஜ் செருப்பைத் தேடினான். வாசலைத் தாண்டினால் அவன் நேரே எங்கே போவான் என்று விஜிதரனுக்குத் தெரியும்.

ஏசியது எல்லார் காதிலும் விழுந்தது, மன்னிப்பும் விழட்டும் என்று அவன் உரக்கவே சொன்னான். “தப்பு எம்மேலதாண்ணே. மன்னிச்சிருங்க.”

“ஒம் மன்னிப்ப நீயே வச்சுக்க.”

“சரி. ஆனா ஏசி முடிக்காமப் போகாதீங்க. ரோட்டுல போயி யார ஏசுவீங்க? நான் இங்கதான் இருக்கேன்.”

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஜீவராஜ் ஒற்றைச் செருப்போடு நின்றபடி தொடங்கினான். அவனை ஏசினான், அவன் வேலையை ஏசினான், அவனை அந்த வேலைக்கு எடுத்தவர்களை ஏசினான். மூக்கு ஒழுகியது. விஜிதரன் துவாயை நீட்டினான். துடைத்துக்கொண்டு மறுபடி ஏசினான். கால் வலிக்கவே கட்டிலில் உட்கார்ந்து ஏசினான்.

“அவன் அப்பன விட்டுட்டீங்க,” என்று எடுத்துக்கொடுத்தார் அடுத்த கட்டில் பழனியாண்டி.

இரண்டு முறை விஜிதரனுக்கும் கோபம் பொங்கியது. விழுங்கிக்கொண்டான்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். “நாக்குக்கு அடியில வைங்க. கரையிற வரைக்கும் பேசக் கூடாது.”

ஜீவராஜ் மருந்தை வாங்கி வாயில் வைத்தான். பேச முடியாமல் விஜிதரனை முறைத்தான். பிறகு விரலை நீட்டி, இரு, இன்னும் முடியவில்லை என்று சைகை காட்டினான்.

விஜிதரன் தலையாட்டிவிட்டு முக்காலியிலேயே இருந்தான்.