பஞ்சாலை விழவில்லை

பஞ்சாலை சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாளாம். தோட்டம் முழுக்க இதே பேச்சு. விழுந்தாளாம்! காற்றடித்ததும் கீழே வர அவள் என்ன காய்ந்த செம்பனை மட்டையா? ரந்தாவ் தமிழ்ப்பள்ளிக் கேன்டீன் வேலைக்கு வருடக்கணக்காக அதே செம்பனைச் சாலையில் மிதித்தவள். அன்று காலை பின்னால் ஒரு வண்டி நீளமாக ஹார்ன் அடித்தது. ஒதுங்க இடமில்லை, இடப்பக்கம் லோங்கான் கால்வாய். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு வெள்ளை பிக்கப்பின் கண்ணாடி அவள் வலது முழங்கையில் அறைந்துவிட்டுப் போனது. லோங்கானின் சாக்கடைத் தண்ணீரில் கிடந்து அவள் கத்தினாள். வண்டி நிற்கவே இல்லை.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். எப்படிக்கா விழுந்தீங்க, கண்ணு சரியாத் தெரியலையா, வயசாச்சுல்ல. இடித்தது யார் என்று ஒருத்தியாவது கேட்டாளா? கேட்டிருந்தால் பஞ்சாலை அந்த ஹார்ன் சத்தத்தைச் சொல்லியிருப்பாள். பெற்ற மகன் தேவனே கேட்கவில்லை. வெள்ளை பிக்கப் என்று அவள் ஆரம்பித்தபோதே, இங்கே பாதிப் பேரிடம் வெள்ளை பிக்கப்தான் இருக்கிறது என்று பேச்சை முடித்துவிட்டான். அதோடு விட்டானா? சைக்கிளைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனிமேல் கேன்டீனும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம், வீட்டில் இருங்கள் என்றான்.

பஞ்சாலை விழுந்தாள் என்றால் சைக்கிளைப் பூட்டினால் போதும். ஒருவன் இடித்தான் என்றால் அவனைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். எது சுலபமோ அதைத்தானே மனிதர்கள் நம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி வந்தார். கோயில் கமிட்டித் தலைவர், லோரி குத்தகைக்காரர், தேவனுக்குச் செம்பனை ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தவர். கையில் பெரிய மைலோ டின்னும் ஒரு பை ஆப்பிளும். வெளியே நின்ற அவருடைய வெள்ளை பிக்கப்பைப் பஞ்சாலை ஜன்னல் வழியே பார்த்தாள். இடப்பக்கக் கண்ணாடி மட்டும் புத்தம் புதிதாக மின்னியது. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

"பார்த்துப் போகக் கூடாதாக்கா?" என்றார் அவர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. இந்த வயதில் சைக்கிள் எதற்கு, விழுந்தால் யார் பார்ப்பது என்று அக்கறையாக நீட்டினார். தேவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்ட வந்திருக்கிறானா இவன்?

"நான் விழல தம்பி. ஒருத்தன் இடிச்சிட்டுப் போயிட்டான்."

அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்றார் அவர். குறுகலான ரோடு, லேசாகப் பட்டிருக்கும் என்றார். சைக்கிள்காரர்களும் ஒழுங்காக ஓரத்தில் போவதில்லை என்றார். பஞ்சாலை அவர் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவருக்குக் குரல் ஏறியது.

"அவ்வளவு நீளமா ஹார்ன் அடிச்சும் நீங்க ஒதுங்கலன்னா, வண்டிக்காரன் என்னாதான் செய்வான்லா?"

தவளை தன் வாயாலேயே கெட்டது. பஞ்சாலை மகன் பக்கம் திரும்பினாள்.

"ஹார்ன் அடிச்சத நான் உன்கிட்ட சொன்னேனா?"

இல்லை என்றான் தேவன். யாரிடமுமே அவள் சொன்னதில்லை. தேவன் எழுந்து ஜன்னல் வழியே அந்தப் புதுக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

கணேசமூர்த்திக்கு வேர்த்துவிட்டது. நமக்குள்ளேயே செட்டில் பண்ணிக்கொள்ளலாம், புதுச் சைக்கிளே வாங்கித் தருகிறேன் என்று குழைந்தார். யார் தயவில் ஆலைக்குப் போகிறாய் என்று தேவனுக்கும் ஞாபகப்படுத்தினார். அந்தப் பேச்சில்தான் தேவனுக்கு முகம் கறுத்தது. மைலோ டின்னை எடுத்து அவர் கையில் திரும்பத் திணித்தான்.

"போலீஸ் பாலாய்க்குப் போவோம். உன் வண்டியிலயே. நீயே ஓட்டு," என்றாள் பஞ்சாலை. மரியாதையெல்லாம் அந்த ஹார்னோடு போயிற்று. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசல் கேட் அருகே கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் கமிட்டித் தலைவர் ஓடவா முடியும்? அம்மாவையும் மகனையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

தோட்டத்துச் சாலையில், முன்னால் ஒரு பங்களாதேஷ் தொழிலாளி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். கணேசமூர்த்தி வேகத்தைக் குறைத்தார். வளைவு முடியும்வரை அவன் பின்னாலேயே பொறுமையாக வந்தார். எதிரில் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, தாராளமாக விலகிக் கடந்தார். அடப்பாவி! ஓட்டத் தெரியாதவன் என்று அவள் மனசுக்குள் ஒரு மூலையில் இரக்கப்பட்டிருந்தாளே. எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. இடித்த அன்றுகூடப் பஞ்சாலைக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

பாலாயில் இருந்த இளம் போலீஸ்காரர் மாவுக்கட்டைப் பார்த்ததும், "மாச்சிக் ஜாத்தோ?" என்று பரிவாகக் கேட்டார். விழுந்துவிட்டீர்களா அம்மா என்று மலாயிலும் அதே கேள்வி.

"தாக் ஜாத்தோ. டியா லங்கார்," என்றாள் பஞ்சாலை. விழவில்லை, இவன் இடித்தான். சொல்லிவிட்டு, நன்றாக இருந்த இடது கையைத் தேவன் முன்னால் நீட்டினாள்.

"சைக்கிள் சாவியக் குடு."