ஒரினைத் திட்டப் போன கூட்டம்

எங்கள் வெஸ்ட்லோ கல்லூரிக் கூடைப்பந்து அணியின் ஒரின் சபாட்கா பந்தோடு கூடையை நோக்கி ஓடினால் தடுக்க நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆள் கிடையாது. தானியக் கிடங்குக்குக் கால் முளைத்து ஓடி வருவது போலிருக்கும். ஆகவே எதிரணிகள் வேறு வழி கண்டுபிடித்தன. பிடித்து இழு, தோளால் இடி, கையில் அடி. நடுவர் விசில் ஊதுவார், ஒரினுக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். அங்கேதான் அவன் கதை முடியும்.

ஃப்ரீ த்ரோ என்பது பச்சைக் குழந்தை வேலை. கோட்டில் நிற்க வேண்டும், யாரும் மறிக்க மாட்டார்கள், பந்தைப் போட வேண்டும். எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரின் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். ஆனால் ஊர் பார்க்க, ஊர் கத்த, அந்தக் கோட்டில் நின்றால் அவன் கை மரக்கட்டையாகிவிடும். போன பிப்ரவரியில் ஹாலிடன் கல்லூரிக்குப் போய் ஆடினோம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், கடைசி நொடி, ஒரினுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து வளையத்தில் மோதிய சத்தத்தில் அடுத்த மாவட்டத்தில் ஒரு பசு கன்று ஈன்றது. இரண்டாவது பந்து வளையம், பலகை, கூரை எதையும் தொடாமல் பாப்கார்ன் இயந்திரத்துக்குள் போய் விழுந்தது. நான் பார்த்தேன். இல்லையென்று சொல்பவர்கள் அன்றைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இந்த வருடம் எங்கள் வட்டாரக் கல்லூரிகளின் போட்டி அட்டவணை வந்தது. முதல் ஆட்டமே ஹாலிடனில்.

பயிற்சியாளர் கிரெப்ஸ் ஒல்லியான மனிதர். சோற்றுக்குப் பதில் நெஞ்செரிச்சல் மாத்திரை தின்று உயிர் வாழ்பவர். அவர் எல்லோர் முன்னாலும் ஒரினிடம் சொல்லிவிட்டார்.

"அங்க போய் மறுபடி உறைஞ்சு நின்னேன்னா, உன் இடம் டேரியனுக்கு. ஒரு ஆட்டத்துக்கு இல்ல, சீசன் முழுக்க."

டேரியன் முதலாமாண்டுப் பையன். வெண்ணெயில் கத்தி போலக் கை. ஒரினுக்கோ இதுதான் கடைசி வருடம். மே மாதம் பட்டம், ஜூன் மாதம் அப்பாவின் பன்றிப் பண்ணை. அதன் பிறகு அவனை யாரும் கூடைக்கு அருகில் விடப் போவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் பண்ணை வரைக்கும் பெஞ்சுதான்.

அன்று மாலையே கிரெப்ஸ், நாங்கள் ஓய்வுபெற்ற கூட்டம் காப்பி குடிக்கும் கடைக்கு வந்து நின்றார்.

"உங்களுக்கெல்லாம் ஏதாவது வேலை இருக்கா?"

"இருந்தா இங்க எதுக்குய்யா உட்கார்ந்திருக்கோம்?" என்றேன். நான் நாற்பது வருடம் மாட்டு ஏலம் விட்டவன். என் தொண்டைக்கு ஒலிபெருக்கி வைத்தால் ஒலிபெருக்கிக்குத்தான் ஆபத்து.

"தினம் சாயங்காலம் கூடத்துக்கு வாங்க. ஒரின் கோட்டுல நிக்கும்போது அவனைத் திட்டணும். ஹாலிடன் பசங்க திட்டற மாதிரி. காது கூசணும்."

ஆகா! எழுபது வயதுக்கு மேல் இப்படியொரு அதிர்ஷ்டம் யாருக்கு வாய்க்கும்?

ஆனால் எங்கள் ஊர் ஆட்களின் வண்டவாளம் முதல் நாளே தெரிந்துவிட்டது. இருபது பேர் போய் உட்கார்ந்தோம். ஒரின் கோட்டில் நின்றான். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற ஹோபர்ட் எழுந்தார், தொப்பியைக் கழற்றினார், தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி! நீ... நீ அவ்வளவு நல்லாப் போடறதில்லை!" என்று கத்தினார். உடனே, "தப்பா எடுத்துக்காதப்பா. அப்பாவோட முதுகுவலி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல சார், கேட்டீங்கன்னு சொல்றேன்," என்றான் ஒரின்.

இன்னொருவர், "உன் கை ஒண்ணும் சரியில்ல!" என்றுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "ரொம்பச் சொல்லிட்டேனோ?" என்று கவலைப்பட்டார். கிரெப்ஸ் இரண்டு மாத்திரையை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் லியோனா பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். லியோனா எங்கள் லூத்தரன் சபைப் போதகரின் மனைவி. ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவர். ஈக்குக் கூட வழிவிட்டு நிற்பவர்.

"டேய் சபாட்கா!" என்றார். கூடத்தின் விளக்குகள் ஒரு கணம் மங்கியதாக எனக்கு ஞாபகம். "உனக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது நான்தான்டா தூக்கி வெச்சிருந்தேன்! அன்னைக்கே கீழ விட்டிருக்கணும்! உன் கையைப் பாத்தா உங்கப்பன் பன்னியெல்லாம் தானே போய் வெட்டுக் கத்தில படுத்துக்கும்டா, உன்கிட்ட வளர்றதுக்கு இது தேவலைன்னு!"

ஒரின் போட்ட பந்து என் காலடியில் வந்து விழுந்தது. ஹோபர்ட் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவர் கத்தோலிக்கர்கூட அல்ல.

அம்மாளே வழி காட்டிய பிறகு நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று ஏலம் போட்டேன்.

"வாங்கய்யா வாங்க! நல்ல ஜாதிக் காளை! பல்லு சுத்தம், குளம்பு சுத்தம், கை மட்டும் விளங்காது! வண்டி இழுக்காது, பால் குடுக்காது, ஃப்ரீ த்ரோ போடாது! யாரு கேக்கறீங்க?"

"நான் எடுத்துக்கறேன், பாவம்," என்றார் ஹோபர்ட்.

"அதுக்குத் தீனி போட்டுக் கட்டாதுய்யா, விடு!" என்று லியோனா கத்தினார்.

அந்த வாரம் முழுக்க ஒரினுக்கு ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. முகம் சிவக்கும், காது சிவக்கும், பந்துகூடச் சிவந்தது. டேரியன் ஓரமாக நின்று கையை உதறிக்கொண்டே பார்ப்பான். பயிற்சி முடிந்ததும் எல்லோருமாகச் சில்லி என்னும் கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் சாப்பிடுவோம். ஒரின் மட்டும் தட்டைத் தொடமாட்டான். "அங்க பெஞ்சு குளிருமா?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டான். நான் வாயில் இருந்த ரோலை விழுங்க மறந்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஏதோ மாறியது. நாங்கள் கத்தக் கத்த அவன் தோள் இறங்கியது. லியோனாவின் வசவுக்கு நடுவே அவன் மூச்சு சீரானது. பந்து வலையில் சரக் சரக்கென்று இறங்கியது. கடைசி நாட்களில் முரசு, மாட்டு மணி, டிராக்டர் ஹாரன் எல்லாம் கொண்டுவந்து முழக்கினோம். கூரைப் பனி சரிந்து விழுந்தது. அவனோ கோழிக்கூண்டில் முட்டை அடுக்குவது போல ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். கிரெப்ஸ் அன்று மாத்திரை சாப்பிடவில்லை.

ஆட்டத்தன்று நாங்களும் அணியின் பேருந்திலேயே ஏறிக்கொண்டோம். பனி கண்ணாடியில் அறைந்தது. ஒரின் முன்னிருக்கையில் கையுறையோடு கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். டேரியன் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்க தவறவிடணும்னு நான் வேண்டிக்கல."

"சரி."

"வேண்டிக்காமலும் இல்ல."

"தெரியும்டா."

ஹாலிடனின் கூடம் பழைய கொட்டகை. இருக்கைகள் ஆடுகளத்தின் மேலேயே சரிந்து நிற்கும். முன்வரிசை மாணவன் தும்மினால் ஆட்டக்காரனுக்குச் சளி பிடிக்கும். முகத்தில் பச்சைச் சாயம் பூசிய கூட்டம் நாங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து ஊளையிட்டது. எனக்கு ஒரே குஷி. கத்துங்கடா கத்துங்க, பையன் இதற்கெனவே பழகி வந்திருக்கிறான் என்று லியோனாவின் முழங்கையை இடித்தேன். அவருக்கோ தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

ஆட்டம் தொடங்கியதும் ஒரின் கூடைக்குப் பாய்ந்தான். அவர்கள் கையில் அடித்தார்கள். விசில். ஒரின் கோட்டில் போய் நின்றான்.

மாணவர் கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் பெஞ்சின் மேல் ஏறிக் கையை உயர்த்தினாள்.

அமைதி. சாதாரண அமைதியல்ல. முரசடித்தவன் குச்சியை மடியில் வைத்துக்கொண்டான். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார்கள். கூரையில் பனி விழும் சத்தம் கேட்டது. ஒரின் திரும்பித் திரும்பிப் பார்த்தான், யாரோ அவனை நடுக்காட்டில் இறக்கிவிட்டுப் போனது போல.

பந்து வளையத்தில் மோதியது. இன்னொன்றும் மோதியது. உடனே கூட்டம், "செங்கல்! செங்கல்!" என்று வெடித்தது. வளையத்தில் மோதித் திரும்பும் பந்துக்கு அதுதான் கேலிப்பெயர். அடுத்த முறை அவன் கோட்டுக்குப் போனபோதும் கை உயர்ந்தது, அமைதி, செங்கல்.

"இவனுக்குச் சத்தம்தான் பழக்கம்னு இவங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

ஹோபர்ட் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"என் மச்சினன் இந்த ஊருதானே. போன்ல கேட்டான், உங்க பையன் எப்படித் தயாராகறான்னு."

"சொல்லிட்டியா?"

"கேக்கறான். பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்குமா?"

லியோனா என்னவோ சொன்னார். காற்றுதான் வந்தது என்றாலும், ஒரு போதகரின் மனைவி சொல்லக்கூடாதது என்பது உதட்டிலேயே தெரிந்தது.

இடைவேளைக்கு முன்பே கிரெப்ஸ் ஒரினை வெளியே எடுத்து டேரியனை இறக்கினார். ஒரின் பெஞ்சின் கோடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். டேரியன் நன்றாகவே ஆடினான். ஆனால் முதலாமாண்டுக் கை துறுதுறுத்தது. தடுக்கப் போய்த் தடுக்கப் போய், ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஐந்தாவது ஃபவுலும் வாங்கி, ஐந்து தப்பு செய்தவன் ஆடக்கூடாது என்ற விதிப்படி வெளியேறினான். கிரெப்ஸ் பெஞ்சை மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆளில்லை. வாயில் கைநிறைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "சபாட்கா," என்றார்.

ஒரு புள்ளி பின்னால். கடைசிப் பந்து. ஒரின் பாய்ந்தான், மூன்று பேர் அவன்மேல் தொங்கினார்கள், விசில். கடிகாரத்தில் ஒரு மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. இரண்டு ஃப்ரீ த்ரோ. போன வருடம் அப்படியே திரும்பி வந்து நின்றது.

பெண் கையை உயர்த்தினாள். என் இதயத் துடிப்பை எதிர்வரிசைக்காரன் எண்ணியிருப்பான்.

முதல் பந்து வளையத்தைச் சுற்றியது, யோசித்தது, வெளியே விழுந்தது.

நடுவர் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரின் இடுப்பில் கைவைத்துத் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அந்த அமைதிக்குள், கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினான்.

"டேய் சபாட்கா! இவ்வளவு உயரம் வளர்ந்தியே, எதுக்குடா? உங்கம்மாவுக்கு மேல்தட்டுலேர்ந்து ஊறுகாய் ஜாடி எடுத்துக் குடுக்கவா? அதையும் போன வாரம் உடைச்சிட்டே!"

நடுவர் நின்றார். "யாரைப் பேசறே?"

"என்னைத்தான் சார்."

"எதிராளியைத் திட்டினா தண்டனை உண்டு, தெரியும்ல?"

"நான் எதிராளி இல்லையே சார்."

நடுவர் மற்ற நடுவரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். தன்னைத் தானே திட்டிக்கொள்ளக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

"உனக்குக் கல்யாணம் ஆனா மோதிரத்தை எந்த விரல்ல போடுவே? பொண்ணு காதுல போய் மாட்டும்டா!" என்றான் ஒரின், இன்னும் உரக்க. "பாதிரியார் ஹெல்மெட் போட்டுட்டுதான் வருவார்!"

மாணவர் கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். கை உயர்த்திய பெண் உதட்டைக் கடித்தாள். கன்னம் உப்பியது. பச்சைச் சாயத்தின் மேல் கண்ணீர் வழிந்தது. பிறகு அவள் வெடித்துச் சிரித்தாள், கை இறங்கியது, கூடம் மொத்தமும் சரிந்தது. சிரித்தவர்கள் சிரிக்க, "அமைதி! அமைதி!" என்று கத்தியவர்கள் கத்த, முரசுக்காரன் ஆத்திரத்தில் முரசை விளாசினான். அப்படியொரு சத்தத்தை நான் மாட்டுச் சந்தையில்கூடக் கேட்டதில்லை.

ஒரின் பந்தை வாங்கினான். தோள் இறங்கியது. சரக்.

சமன். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஹாலிடன் பயிற்சியாளர் டையை அவிழ்த்து எறிந்து, "சபாட்காவைத் தொடாதீங்கடா! கிட்டப் போகாதீங்க!" என்று அலறினார். தொடாவிட்டால் என்ன ஆகும்? தானியக் கிடங்கு ஓடிவரும், வழிவிட வேண்டியதுதான். ஒரின் போனான், போட்டான், திரும்பினான், மறுபடி போனான். ஏழு புள்ளியில் ஜெயித்தோம். நான் எழுபது என்றுதான் ஊரில் சொல்லி வருகிறேன்.

கிரெப்ஸ் பெஞ்சுக்கு வந்தார். "சனிக்கிழமையும் நீதான் முதல்ல இறங்கறே," என்றார்.

ஒரின் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கப் பார்த்தான். விரல் நாடாவை விட்டு வேறெங்கோ போய்ப் பிடித்தது. முடிச்சு பிடிபடவில்லை. டேரியன் ஒரு நிமிடம் நின்று பார்த்தான். பிறகு மண்டியிட்டு நாடாவைப் பிடித்தான்.

"கூடையைக் கண்டுபிடிச்சாச்சு," என்றான். "ஷூவைக் கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆகும்ணே?"

"வாயை மூடிட்டு அவுறுடா," என்றான் ஒரின்.